சாவி திரும்பும்போது அணையும் ஸ்டீரியோ: ஒரு வயரிங் நிகழ்வு ஆய்வு

சித்தப்பாவின் புகார் ஒரே வாக்கியம்தான்: "வண்டியை அணைத்தால், என்னோடு பேசிக்கொண்டிருப்பவரையும் சேர்த்து அணைத்துவிடுகிறது." கார் ஸ்டீரியோ வழியாகப் பேசிக்கொண்டே வந்து நிறுத்துவார். சாவியைத் திருப்பிய கணத்தில் எதிர்முனைக் குரல் பாதிச் சொல்லில் அறுந்துவிடும். கைப்பேசியைத் தேடி எடுத்துக் காதில் வைப்பதற்குள் அங்கே "ஹலோ, ஹலோ" என்று நான்கு முறை கூப்பிட்டிருப்பார்கள்.

இன்னொரு கோளாறும் இருந்தது. பழகிப்போனதால் அதை அவர் கோளாறாகவே எண்ணவில்லை. சாவியைப் பாதி திருப்பி ஸ்டீரியோவை எழுப்பி, வழிகாட்டி வரைபடத்தில் ஊரைத் தட்டிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், திரை கறுத்துவிடும். பிறகு ஆண்ட்ராய்டு முதலிலிருந்து துவங்கும். நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்தேன், 35 நொடி. அதற்குள் ரிவர்ஸ் கியர் போட்டால் பின்புறக் கேமராவும் கிடையாது.

வண்டி பத்து ஆண்டு பழைய சிறிய பெட்ரோல் கார். பொத்தான் இல்லை, சாவிதான். ஸ்டீரியோ பின்னால் வாங்கிப் பொருத்தியது. இதே புகாரோடு அவர் முன்பு ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் ஐந்தே நிமிடத்தில் ஸ்டீரியோவின் சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் முறுக்கி ஒன்றாக்கி டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறார். புகார் தீர்ந்தது. மூன்றாம் நாள் காலை எஞ்சின் திரும்பவே இல்லை.

அந்த இரண்டு வயர்களிலிருந்து தொடங்குவதே சரி. மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. ஸ்டீரியோவுக்குச் சாப்பாடு போடுவது அதுதான். சிவப்பு வயர் சாவியின் ஆக்சஸரி நிலையில், அதாவது எஞ்சின் ஓடாமலே ஸ்டீரியோ போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் பாதித் திருப்பலில், உயிர் பெறுவது. பழைய கேசட் காலத்து ஸ்டீரியோக்களில் அது கணிசமான மின்சாரத்தையே சுமந்தது. இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில் அது வெறும் அனுமதிச் சீட்டு: "விழித்திரு" என்று ஒரு சொல், அவ்வளவே. இந்த வண்டியில் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துப் பார்த்தபோது சிவப்பில் ஓடியது 9 மில்லி ஆம்பியர். மஞ்சளில், ஒலியைக் குறைத்து வைத்தாலே 0.6 ஆம்பியர்.

இரண்டையும் முறுக்கினால் ஸ்டீரியோ உறங்கவே உறங்காது. 0.6 ஆம்பியர் வீதம் ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-மணிக்கு மேல். அந்த வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி, அதுவும் புதியதல்ல. மூன்றாம் நாள் படுத்துவிட்டதில் வியப்பில்லை, இரண்டு நாள் தாங்கியதுதான் வியப்பு.

முதல் வேலையாக முறுக்கலைப் பிரித்தேன். பழைய புகார் அப்படியே திரும்பி வந்தது. வர வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன்; கோளாறு கண்முன் இல்லாமல் எதை அளப்பது?

சாவித் துளையில் நான்கு நிலைகள்: பூட்டு, ஆக்சஸரி, ஆன், ஸ்டார்ட். கடைசி நிலைக்குத் திருப்பும்போது சுவிட்ச் ஆக்சஸரி வரியை, அதாவது அந்த நிலையில் உயிர் பெறும் வயர்களை, வேண்டுமென்றே துண்டிக்கிறது. எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஓரிரு நொடிக்கு விசிறி, ஸ்டீரியோ, சிகரெட் லைட்டர் துளை எல்லாம் ஒதுங்கி நிற்கட்டும் என்பது வடிவமைத்தவர்களின் ஏற்பாடு. எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும், ஆன் நிலைக்கு மீண்டு ஆக்சஸரியும் திரும்பும். வானொலி மட்டும் இருந்த காலத்தில் ஒரு நொடி மௌனம் யாரையும் உறுத்தவில்லை. துவங்க அரை நிமிடம் கேட்கும் கணினியை அதே துளையில் பொருத்திய பிறகுதான் அது வலியாயிற்று.

இந்த வண்டியில் ஆக்சஸரி இல்லாமல் போன நேரம் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஒன்று முதல் ஒன்றே முக்கால் நொடி. ஸ்டீரியோவை மேசைக்குக் கொண்டுவந்து, மின்வழங்கியில் சிவப்பு வயரின் மின்னழுத்தத்தை மெல்ல இறக்கிப் பார்த்தேன். 6.5 வோல்ட்டில் "சாவி போய்விட்டது" என்று முடிவு செய்து தன்னை மூடிக்கொண்டது. இந்த எண்ணும் அந்த 9 மில்லி ஆம்பியரும் கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் கணக்குதான்.

வயரைத் தொடும் முன் ஸ்டீரியோவின் அமைப்புப் பட்டியலை ஒரு முறை துழாவியதையும் சொல்ல வேண்டும். சில ஆண்ட்ராய்டு கருவிகளில் "அணையும் தாமதம்" என்றோ "உறக்க நிலை" என்றோ ஒரு தேர்வு இருக்கும். இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. இதில் இல்லை.

முதல் முயற்சி: சிவப்பில் ஒரு தொட்டி

எளிய வழி, சிவப்பு வயரில் ஒரு கெப்பாசிட்டரை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்பை, வைப்பது. ஆக்சஸரி போகும் இடைவெளியில் அதில் தேங்கிய மின்னூட்டம் ஸ்டீரியோவை ஏமாற்றும். 10,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். அழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து 6.5-க்கு இறங்கும் வரை, 9 மில்லி ஆம்பியர் வீதம், ஆறு நொடி தாங்க வேண்டும்.

கால் நொடிகூடத் தாங்கவில்லை. மடத்தனம் என்னுடையது. கெப்பாசிட்டரை நேராக வரியில் இணைத்துவிட்டேன். ஆக்சஸரி வரி ஸ்டீரியோவுக்கு மட்டும் சொந்தமானதா? கைப்பேசி சார்ஜர், கண்ணாடியைத் திருப்பும் மோட்டார், இன்னும் என்னென்னவோ அதில் தொங்குகின்றன. சாவி துண்டித்த கணத்தில் எல்லோரும் சேர்ந்து என் தொட்டியைக் குடித்துவிட்டார்கள். தண்ணீர் பின்னால் ஓடாமல் தடுக்க ஒரு கதவு வேண்டும், அதுதான் டயோடு. 1என்5819 என்னும் ஷாட்கி டயோடைப் போட்டேன். அதன் குறுக்கே விழும் அழுத்தம் சுமார் 0.3 வோல்ட்தான். அதோடு 22 ஓம் மின்தடை ஒன்று. வெறும் கெப்பாசிட்டர் நிரம்பத் தொடங்கும் கணத்தில் ஏறக்குறைய குறுக்குச்சுற்று போலவே நடந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் அந்த அடியைச் சாவி சுவிட்சின் முனைகள் வாங்க வேண்டியதில்லை.

இப்போது ஏழு நொடிக்கு மேல் தாங்கியது. கணக்கைவிடக் கூடுதலாக வந்ததற்குக் காரணம், அழுத்தம் இறங்க இறங்க ஸ்டீரியோ சிவப்பில் இழுக்கும் மின்சாரமும் குறைவதுதான். பிற்பகலில் ஐந்து முறை ஸ்டார்ட் செய்தேன்; ஐந்து முறையும் பாட்டு அறுபடவில்லை. வேலை முடிந்தது என்று கருவிப்பெட்டியை மூடினேன்.

மறுநாள் காலை சித்தப்பா அழைத்தார். "மூன்று தரம் ஸ்டார்ட் செய்தேன், இரண்டு தரம் கறுத்துவிட்டது. நேற்று உனக்காக நடித்திருக்கிறது போல."

மஞ்சளின் குற்றம்

நடிக்கவில்லை. சிவப்பு உயிரோடுதான் இருந்தது. அந்த வேளையில் சாப்பாடு நின்றுபோயிருந்தது.

மல்டிமீட்டர் இந்த இடத்தில் உதவாது. நொடிக்குச் சில முறை மட்டும் அளக்கும் கருவிக்குச் சில பத்து மில்லி நொடியில் வந்து போகும் பள்ளம் தெரிவதில்லை. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரையும் அலைநோக்கியைக் கொண்டுவந்து ஒரு முனையைப் பேட்டரியிலும் மற்றொன்றை ஸ்டீரியோவுக்குப் பின்னால் மஞ்சளிலும் வைத்தேன். காலையில், இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில். ஸ்டார்ட்டர் உதைக்கும் முதல் கணத்தில் பேட்டரி 8.9 வோல்ட்டுக்கு இறங்கியது; குளிர்ந்த எண்ணெயின் கனத்துக்கு அது நியாயமான எண்தான். மஞ்சளில் அதே கணத்தில் 6.4. இடையில் இரண்டரை வோல்ட் எங்கே போயிற்று?

வயரைக் கையால் தடவிக்கொண்டே போனதில் விடை கிடைத்தது. முன்பு பொருத்தியவர் மஞ்சளைப் பேட்டரியிலிருந்து எடுக்கவில்லை. சாவி சுவிட்சுக்கு வரும் தடித்த வயரைக் கீறி, அதில் சுற்றிவிட்டிருந்தார். எப்போதும் 12 வோல்ட் இருக்கும் வயர்தானே என்று நினைத்திருப்பார். டிஐஎன் 72552 என்னும் ஜெர்மன் தரநிலையின் எண்களில் சொன்னால் அது 30-ஆம் முனை. உண்மையிலேயே எப்போதும் உயிருள்ளது. ஆனால் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் மின்காந்தமான சொலினாய்டுக்குப் போகும் மின்சாரமும், அதாவது 50-ஆம் முனைக்கு உரியதும், இந்த வண்டியில் இதே வயர் வழியாகத்தான் சுவிட்சுக்கு வந்து போகிறது. இடையில் ரிலே, அதாவது மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச், இல்லை. சொலினாய்டு முதல் இழுப்பில் பல ஆம்பியர் கேட்கும். பத்து ஆண்டு பழைய இணைப்பிகளில் அந்த இழுப்பு ஓடும்போது, அதே வயரின் நுனியில் தொங்கும் ஸ்டீரியோவுக்குக் கிடைப்பது மிச்சம்தான். பிற்பகலில் சூடான எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது, பள்ளமும் ஆழமில்லை. அதனால்தான் என் ஐந்து சோதனையும் தேறின. குளிர்ந்த எஞ்சினில் ஒரு முறைகூடப் பார்க்காமல் பெட்டியை மூடியது இரண்டாம் மடத்தனம்.

மஞ்சளுக்குத் தனி வழி போட்டேன். பேட்டரியின் நேர்முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், முனையை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ், எஞ்சின் சுவரின் ரப்பர் வளையத்தின் வழியே உள்ளே. ஃபியூஸ் ஸ்டீரியோவுக்கு அருகில் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஃபியூஸ் காப்பது கருவியை மட்டுமல்ல, வயரையும்தான். இரும்புச் சுவரின் விளிம்பில் உரசி உறை கிழிந்தால், அந்த இடத்துக்கும் பேட்டரிக்கும் இடையில் ஃபியூஸ் இல்லாவிட்டால் எரிவது வயர். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கறுப்பு எர்த் வயரும் டேஷ்போர்டின் மெல்லிய தகட்டில் திருகப்பட்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி வண்டியின் உடலோடு சேர்த்தேன்.

மறுநாள் காலை மஞ்சளில் 8.6 வோல்ட். ஸ்டீரியோ அசையவில்லை. ஸ்டார்ட்டில் கறுக்கும் கோளாறு அத்தோடு தீர்ந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும்: ஆன், ஸ்டார்ட் இரண்டிலும் உயிரோடு இருக்கும் 15-ஆம் முனை, அதாவது இக்னிஷன் வரி, ஒன்று இருக்கிறதே; அதையும் ஆக்சஸரியையும் இரண்டு டயோடு வழியே சிவப்பில் சேர்த்திருந்தால் கெப்பாசிட்டரே வேண்டாமே? உண்மை. பலர் செய்வதும்தான். ஆனால் அந்த வரியில் எஞ்சினின் கணினி தொங்குகிறது. பாட்டுக்காக நான் போட்ட ஓர் இணைப்பு என்றாவது உரசி, ஓடும் வண்டி நடுவழியில் நிற்கும் வாய்ப்பை, அது எவ்வளவு சிறியதானாலும், பிறர் வண்டியில் வைக்க எனக்கு மனமில்லை.

நாற்பது நொடித் தாமதம்

சித்தப்பாவின் உண்மைப் புகார் இன்னும் அப்படியே இருந்தது. சாவியை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஸ்டீரியோ விழித்திருக்க வேண்டும். சிவப்பிலுள்ள தொட்டியையே ஐந்து மடங்காக்கலாம். ஆனால் அணைக்கும் வழியாக அது எனக்குப் பிடிக்கவில்லை. அழுத்தம் மெல்லச் சரியும்போது ஸ்டீரியோ எந்தப் புள்ளியில் முடிவெடுக்கும் என்பது அதன் விருப்பம். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று அணைய வேண்டும். அதற்கு ரிலே.

ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டர் வைக்கும் பழைய வித்தையையும் கணக்கிட்டுப் பார்த்தேன். வண்டிகளில் வழக்கமாக இருக்கும் ரிலேயின் சுருள் 85 ஓம் அளவில் இருக்கும். 4,700 மைக்ரோஃபாரட் வைத்தால் அரை நொடிதான் தாங்கும். நாற்பது நொடிக்குக் கெப்பாசிட்டரைத் தனி இருக்கையில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். 555 டைமர் சில்லு இன்னொரு வழி. ஆனால் அதன் பழைய வகை எப்போதும் சில மில்லி ஆம்பியரை உறிஞ்சும். உறங்கும் வண்டியில் அது எனக்குச் சம்மதமில்லை. மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சுவிட்ச் கேட்பது மின்னோட்டமல்ல, அழுத்தம் மட்டும். அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டில் சிறிய கெப்பாசிட்டர் போதும்.

சுற்று இதுதான். ஆக்சஸரியிலிருந்து ஒரு டயோடு, பிறகு 1 கிலோ ஓம். அங்கிருந்து எர்த்துக்கு 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 470 கிலோ ஓம் மின்தடையும் பக்கம் பக்கமாக. கூடவே அழுத்தம் 12 வோல்ட்டைத் தாண்டாமல் கேட்டைக் காக்க ஒரு ஜீனர் டயோடு. அந்தப் புள்ளியே 2என்7000 மாஸ்ஃபெட்டின் கேட். மாஸ்ஃபெட் 400 ஓம் சுருள் கொண்ட சிறிய ரிலேயை எர்த் பக்கம் இழுக்கிறது. ஓடும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியர். சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு. இல்லாவிட்டால் சுருள் விடுபடும்போது எழும் உதை மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். சுருளின் மறுமுனைக்கும் ரிலேயின் தொடுமுனைக்கும் மின்சாரம் புதிய மஞ்சள் வயரிலிருந்து, 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியே. தொடுமுனையின் மறுபக்கம் ஸ்டீரியோவின் சிவப்பு.

மிக முக்கியமான ஒன்று: ஸ்டீரியோவின் சிவப்பை வண்டியின் ஆக்சஸரி வயரிலிருந்து முழுதாக வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் ரிலேயையும் இணைத்தால், நாம் கொடுக்கும் மின்சாரம் பின்வழியாக ஆக்சஸரி வரி முழுவதையும் எழுப்பும். அது கேட்டையும் பிடித்துக்கொள்ளும். ரிலே தன்னைத் தானே தாங்கிக்கொண்டு எப்போதுமே விடாது. முறுக்கிய வயரின் கதை வேறு வேடத்தில் திரும்பும்.

47 மைக்ரோஃபாரட்டும் 470 கிலோ ஓமும் பெருக்கினால் 22 நொடி. கேட் 12 வோல்ட்டிலிருந்து ரிலேயை விடும் 2 வோல்ட்டை அடைய அதைப்போல 1.8 மடங்கு, ஏறத்தாழ 40 நொடி. மாலையில் அளந்தபோது 38. ஸ்டார்ட்டின் இடைவெளியையும் இதே கெப்பாசிட்டர் கடந்துவிடுகிறது. ரிலே ஒரு முறை பிடித்த பிறகு 8.9 வோல்ட்டெல்லாம் அதற்குப் பொருட்டே அல்ல. ஆகவே நான் பெருமையோடு போட்ட 10,000 மைக்ரோஃபாரட் தொட்டியை எடுத்து மீண்டும் பெட்டியில் போட்டேன். மஞ்சளுக்குப் போட்ட தனி வயர் மட்டும் தன் இடத்தில் நின்றது.

பிறகு வந்தது இந்த வேலையின் மிக விசித்திரமான இரண்டு நாள். மாலையில் 38 நொடி தாங்குவது, நண்பகலில் வெயிலில் நின்ற வண்டியில் 11 நொடியில் விட்டுவிட்டது. இரவில் மீண்டும் 38. கெப்பாசிட்டரை மாற்றினேன், மாஸ்ஃபெட்டை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் தலைமுடி உலர்த்தியை எடுத்து, காகிதக் குழல் ஒன்றை அதன் வாயில் வைத்து, பலகையிலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியே சூடாக்கினேன். நுழைவாயில் டயோடைத் தொட்டதும் ரிலே 'டிக்'.

தொட்டியிலிருந்து கழற்றிய அதே 1என்5819-ஐத்தான் இங்கே மறுபடி போட்டிருந்தேன். ஷாட்கி டயோடுகளுக்குப் பின்னோக்கிக் கசியும் குணம் உண்டு. சூடு ஏற ஏறக் கசிவும் பல மடங்காகும். 9 மில்லி ஆம்பியர் ஓடிய பழைய வேலையில் சில பத்து மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் யாருக்குத் தெரியும்? இங்கோ கெப்பாசிட்டரை வடிக்கும் மின்தடையே அதிகபட்சம் 25 மைக்ரோ ஆம்பியரைத்தான் விடுகிறது. வடிகாலைவிட ஓட்டை பெரிதாகிவிட்டது. சாதாரண 1என்4148 போட்டேன். அதன் கசிவு நானோ ஆம்பியர் கணக்கு. நண்பகலில் 35 நொடி.

கதவு

நாற்பது நொடி கிடைத்ததும் புதிய புகார். பூட்டிவிட்டு நடந்தால் வண்டி பின்னாலிருந்து பாடுகிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது என்றார். கதவைத் திறந்தால் அணைய வேண்டும். வண்டி தயாரிப்பாளர்களே கொடுக்கும் இத்தகைய தாமதங்களில் பலவும் கதவு திறந்ததும் முடிவது இதனால்தான்.

இந்தப் பழைய வண்டியில் கதவின் சுவிட்ச் உள்விளக்கின் வயரை எர்த்தோடு சேர்ப்பது. ஓட்டுநர் கதவின் வயருக்கு, கேட் கெப்பாசிட்டரிலிருந்து 1 கிலோ ஓமும் இன்னொரு 1என்4148-உம் தொடராக வைத்தேன். கதவு மூடியிருந்தால் அந்த வயரில் 12 வோல்ட் நிற்கும், டயோடு தடுக்கும். திறந்தால் கெப்பாசிட்டர் கண் இமைக்கும் நேரத்தில் வடியும், ரிலே விடும். சாவி ஆக்சஸரியில் இருக்கும்போது கதவைத் திறந்தால்? ஒரு கிலோ ஓம் வழியே வருவது, ஒரு கிலோ ஓம் வழியே போவது. கேட்டில் ஆறு வோல்ட் மீந்து நிற்கிறது, ஸ்டீரியோ பாடுகிறது. இது நான் திட்டமிட்டதல்ல. கையில் இருந்த மின்தடையைப் போட்டேன், அமைந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மட்டும் பழையபடி கறுக்கும். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சாவியை எடுத்துத் தாமதமும் முடிந்த பின் முழு வண்டியும் பேட்டரியிலிருந்து இழுப்பது 24 மில்லி ஆம்பியர். அதில் 4 ஸ்டீரியோவின் கடிகாரத்துக்கும் நினைவகத்துக்கும். என் பலகையின் பங்கு அளவுமானியில் தெரியவில்லை.

சாவிக்குப் பதில் பொத்தான் உள்ள, கதவும் விளக்கும் கணினி வழியே பேசிக்கொள்ளும் புதிய வண்டிகளில் இந்த வயர்களை இந்தப் பெயரில் தேடக் கூடாது. அங்கே ஆக்சஸரி என்பது பல வேளைகளில் ஒரு வயரே அல்ல, செய்தி. அதைப் படித்துச் சிவப்பாக மாற்றித் தரும் இணைப்பிக்கும் ஸ்டீரியோவுக்கும் இடையில் மட்டுமே இந்தப் பலகைக்கு இடம். எந்த வண்டியானாலும் டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயர்க் கற்றையைக் கண்டால் அதைக் கீறவே வேண்டாம். பெரும்பாலும் அது ஏர்பேக்கினுடையது.

சென்ற வாரம் சித்தப்பா மறுபடியும் அழைத்தார். நாற்பது நொடியில் முடிகிற பேச்சு தன்னுடையதல்ல, ஐந்து நிமிடம் ஆக்கித் தர முடியுமா என்றார். பேட்டரிக்கு அது பொருட்டல்ல. ஐந்து நிமிடத்துக்கு 0.05 ஆம்பியர்-மணி. 47-க்குப் பதில் 330 மைக்ரோஃபாரட் வைத்தால் கணக்கில் நான்கரை நிமிடம் வருகிறது. ஆனால் அந்த அளவு மின்பகுளிக் கெப்பாசிட்டர்களின் அனுமதிக்கப்பட்ட கசிவே 50 மைக்ரோ ஆம்பியர் அளவில் இருக்கிறது, என் வடிகாலைப்போல இரண்டு மடங்கு. மூன்று வகைக் கெப்பாசிட்டர்களை 12 வோல்ட் ஏற்றி மேசையில் அடுக்கியிருக்கிறேன். எது குறைவாகக் கசிகிறது என்று காலையும் மாலையும் குறித்துக்கொண்டு வருகிறேன்.